கல் நடுவதற்கு முன் பார்க்க வேண்டிய மண்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு ஹெக்டேர் நிலம். மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு. நடுவில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு பள்ளம். இருநூறு மனைகள் கொண்ட வரைபடம் தயாராக இருக்கிறது. மேட்டை வெட்டி, அந்த மண்ணால் பள்ளத்தையும் தாழ்வையும் நிரப்பிச் சமன் செய்வது திட்டம். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருப்பதால் அதற்குள் மண் வேலையை முடிக்க நினைக்கிறீர்கள். மண் பரிசோதனைக்கு எத்தனை இடத்தில் துளை போட்டால் போதும் என்று கேட்கிறீர்கள்.

துளைகளின் எண்ணிக்கையைப் பிறகு சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வேலையின் வரிசை மாறிவிட்டது. வரைபடத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கு மண் ஒத்துவருமா என்று இப்போது பார்க்கிறீர்கள். மண்ணையும் தண்ணீரையும் பார்த்த பிறகுதான் வரைபடத்தில் முதல் கோடே விழ வேண்டும். தனி வீடு கட்டுபவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் வாங்கிய மனை எதுவோ அதில்தான் அவர் கட்டியாக வேண்டும். மண் மோசமென்றால் அஸ்திவாரத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வீட்டை நல்ல மண் இருக்கும் பக்கமாக நகர்த்தி வைக்கும் வாய்ப்பு மனைப்பிரிவு போடுபவருக்கு மட்டுமே உண்டு, அதுவும் கல் நடும் நாள் வரைதான். இருநூறு குடும்பங்களுக்காக நீங்கள் எடுக்கிற முடிவு இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை நடப்பது. அரை மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு வீதம் அளந்த நில வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடக்க வேண்டும். தாழ்வான பகுதியில் கோரையும் நாணலும் கூட்டமாக வளர்ந்திருந்தால் அங்கே ஆண்டின் பெரும்பகுதி ஈரம் நிற்கிறது என்று பொருள். சரிவில் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி வளைந்து, மேல்பகுதி நிமிர்ந்திருந்தால் மேல்மண் மெதுவாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்கலாம். காய்ந்த நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருந்தால் அது வீங்கிச் சுருங்கும் களிமண். பழைய வான்வழிப் படங்களையும் பழைய நில வரைபடங்களையும் தேடி எடுங்கள். அக்கம்பக்கத்து முதியவர்களிடம், இங்கே குளம் இருந்ததா, கல் வெட்டிய குழி இருந்ததா, யாராவது எதையாவது கொட்டிப் புதைத்தார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கால்வாய் என்று ஒரு பாதி வெட்டப்பட்ட கால்வாய் இருந்தது. அதில் ரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணால் மூடினார்கள். பின்னர் அதைச் சுற்றி வீடுகளும் அதன் மேலேயே ஒரு பள்ளியும் வந்தன. 1978இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. மேலே புல் முளைத்துவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது சோதனைக் குழி. துளை போடும் இயந்திரத்தை வரவழைப்பதற்கு முன்பே ஒரு பொக்லைனைக் கொண்டு இரண்டரை, மூன்று மீட்டர் ஆழத்துக்குக் குழிகள் தோண்டிப் பார்க்கச் சொல்வேன். துளையில் கிடைப்பது கையளவு மாதிரி. குழியிலோ மண்ணின் முழுச் சுவரும் கண்முன் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு குழியைப் பற்றிச் சொல்கிறேன். கோடையின் உச்சம். மூன்று மீட்டர் தோண்டியும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. நிலத்தின் உரிமையாளர் மகிழ்ந்துபோய், இங்கே நிலத்தடி நீர்த் தொல்லை கிடையாது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். குழியின் பக்கவாட்டை மண்வெட்டியால் மெல்லச் சீவிப் பார்த்தோம். மேலே கருமையான மேல்மண், மெல்லிய வேர்கள். அதன் கீழே ஒரே சீரான பழுப்பு. எழுபது சென்டிமீட்டர் ஆழத்தில் நிறம் மாறியது. சாம்பல் நிறத் திட்டுகள், அவற்றின் ஓரங்களில் துருப்பிடித்த ஆணித் தலைகளைப் போல ஆரஞ்சுப் புள்ளிகள். வேர்கள் மக்கிப்போன பழைய வழிகள் எல்லாம் துரு பூசினாற்போல் இருந்தன. மண்ணில் நீர் பல வாரங்கள் நின்று காற்று இல்லாமல் போனால் அதிலுள்ள இரும்பு கரைந்து நகர்ந்துவிடும். அது போன இடம் சாம்பலாகும். நீர் வடிந்து காற்று புகும்போது அதே இரும்பு துருவாகப் படியும். ஆண்டுதோறும் இது நடந்தால்தான் அந்தப் புள்ளிகள் உண்டாகும். அதாவது ஈரக் காலத்தில் நீர் எழுபது சென்டிமீட்டர் வரை ஏறி வருகிறது என்பதற்கு மண்ணே சாட்சி. பக்கமெங்கும் துளையிட்ட குழாய் ஒன்றை அங்கே இறக்கி வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் அதில் நீர் எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றது. அந்தப் பகுதிக்கு நிலவறையும் உறிஞ்சு குழிகளும் வரைந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டிய பிறகு தெரிந்திருந்தால் எடுத்திருக்கவும் முடியாது.

குழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முட்டுக் கொடுக்காத ஆழமான குழிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டன். மார்பளவு சரிந்தாலே மனிதனால் மூச்சுவிட முடியாமல் போகலாம். மேலிருந்தே பாருங்கள், பொக்லைன் அள்ளிப் போடும் மண்ணை வெளியே வைத்துச் சோதியுங்கள்.

மண்ணைக் கையிலெடுத்தும் ஓரளவு அறியலாம். சிறிது ஈரப்படுத்தி உள்ளங்கையில் நூலாக உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு உருட்டியும் உதிராமல் நீண்டால் அதில் களிமண் மிகுதி. உருட்டும்போதே பொடிந்தால் வண்டலோ மணலோ அதிகம். ஆய்வகத்தில் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான், அளவோடு செய்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பெர்ட் அட்டர்பெர்க் 1911இல் வகுத்த எல்லைகள் இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் உள்ளன: எவ்வளவு ஈரத்தில் மண் குழைகிறது, எவ்வளவு ஈரத்தில் கூழாகி ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் குழைவு எண். அது 15க்குக் கீழே இருந்தால் வீக்கத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 35ஐத் தாண்டினால் அந்த இடத்தில் சாதாரண ஆழமற்ற அஸ்திவாரத்தை மறந்துவிடுங்கள்.

களிமண்ணிலும் வகை உண்டு. மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் மிகுந்த களிமண் தன் ஏடுகளுக்கு இடையே நீரை இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். கயோலினைட் மிகுந்த களிமண் அவ்வளவு அசையாது. வீங்கும் மண்ணின் மேல் வீடு கட்டினால் வீட்டின் நடுப்பகுதி எப்போதும் மூடியிருப்பதால் அங்கே ஈரம் நிலையாக நிற்கும். ஓரங்களில் மட்டும் கோடையில் காய்ந்து மழையில் ஊறும். நடு அசையாமல் ஓரம் ஏறி இறங்கினால் சுவர் என்ன செய்யும்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். பூசி மறைத்தால் அடுத்த கோடையில் மறுபடி வரும். பூச்சு வேலை சரியில்லை என்று கொத்தனாரைக் குறை சொல்வார்கள். பாவம், அவர் கையில் ஒன்றுமில்லை.

இங்கே மரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய மரம் களிமண்ணிலிருந்து ஏராளமான நீரை உறிஞ்சுகிறது. 1976ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் களிமண் மேல் நின்ற ஏராளமான வீடுகள் விரிசல் கண்டன. அஸ்திவார ஆழத்தையும் மரங்களுக்கான தூரத்தையும் அதன் பிறகு அங்கே மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மரத்தை வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. வேர்கள் பல ஆண்டுகளாக உலர்த்தி வைத்த மண், மரம் போன பிறகு மெதுவாக நீர் குடித்து வீங்கத் தொடங்கும். அந்த வீக்கம் அடங்கச் சில ஆண்டுகள் ஆகும். எனவே புல்டோசர் உள்ளே வருவதற்கு முன் நிலத்திலுள்ள ஒவ்வொரு பெரிய மரத்தின் இடத்தையும் உயரத்தையும் குறித்து வையுங்கள். வெட்டிய பிறகு அந்தத் தகவல் யாரிடமும் இருக்காது. களிமண் பகுதியில் புதிதாக நடும் மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ, வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்ல கணக்கு.

இப்போது உங்கள் திட்டத்தின் மையத்துக்கு வருகிறேன்: நிரப்புவது. நிரப்பு மண்ணைப் பாரமாக யாரும் நினைப்பதில்லை, அதுவும் மண்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்கு கெட்டிப்படுத்திய மண், தன் அடியிலுள்ள நிலத்தின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டன் பாரத்தை ஏற்றுகிறது. சாதாரண வீட்டின் ஒரு தளம், தரைப்பரப்பு முழுவதும் பரப்பிக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு டன். பள்ளத்தில் மூன்று மீட்டர் நிரப்புகிறீர்கள் என்றால், முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே அந்த இளகிய மண்ணின் தலையில் ஐந்தாறு மாடிக் கட்டடத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு வருகிற வீடு, நிரப்பிய மண்ணுக்கு முன் ஒன்றுமே இல்லை.

இந்தப் பாரத்தில் அடியிலுள்ள களிமண் அமுங்கும். ஆனால் உடனே அமுங்காது. களிமண்ணின் நுண்துளைகளில் அடைபட்ட நீர் வெளியேற வேண்டும், அது மிக மெல்லத்தான் வெளியேறும். பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925இல் வெளியிட்ட நூலில் இந்த அமுக்கத்தைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். அதன் சாரம் எளிது: நீர் கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் தடிமனான களிமண் அடுக்கு அமுங்கி முடிய ஓராண்டு எடுத்தால், அதே களிமண் ஆறு மீட்டர் இருந்தால் ஒன்பது ஆண்டுகள். உங்கள் பள்ளத்தின் நடுவில் இளகிய மண் ஆழமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும்தான் இருக்கும். ஆக ஒரே மனையின் இரண்டு மூலைகள் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு அளவில் இறங்கும். வீடு முழுவதும் சமமாகப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் குழாய்கள் பிடுங்கிக்கொள்ளலாம், வீடு தப்பிவிடும். ஒரு மூலை மட்டும் நான்கு சென்டிமீட்டர் இறங்கினால் வீடு உடையும்.

பைசா கோபுரத்தை எல்லோரும் சாய்வுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் கட்டுமானம் 1173இல் தொடங்கி, சில தளங்கள் எழுந்ததும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றுபோனது. அந்த இடைவெளியில் அடியிலிருந்த களிமண் அமுங்கி வலுப்பெற்றது. நிறுத்தாமல் தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும் என்பது மண்ணியல் பொறியாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன முடிவு. நூறு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் இளகிய களிமண்ணுக்குக் கால அவகாசம் என்பதும் ஒரு கட்டுமானப் பொருள்தான். ஆறு வாரத்தில் நிரப்பி, ஏழாவது வாரம் மனை விற்கக் கூடாது. நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாக மண் ஏற்றி, இறக்கத்தை அளவுக் குச்சிகள் வைத்து மாதந்தோறும் அளந்து, அது அடங்கிய பிறகு கூடுதல் மண்ணை எடுத்துவிடுவது ஒரு வழி. மண்ணுக்குள் செங்குத்தாக வடிகால் பட்டைகளைச் செருகி நீர் வெளியேறும் தூரத்தைக் குறைத்தால் காலமும் சுருங்கும்.

நிரப்புகிற விதமும் முக்கியம். முதலில் பதினைந்து முதல் முப்பது சென்டிமீட்டர் மேல்மண்ணை வழித்தெடுத்துத் தனியே குவிக்க வேண்டும். அது வேர்களும் மக்கிய பொருளும் நிறைந்த மண், அதன் மேல் நிரப்பினால் அது மக்கி இறங்கும். பிற்பாடு தோட்டங்களுக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது, எனவே வெளியே அனுப்பிவிடவும் வேண்டாம். சரிவான இடத்தில் நிரப்புவதற்கு முன் நிலத்தைப் படிப்படியாக வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் புது மண் பழைய சரிவின் மேல் வழுக்கும். மண்ணை இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் சரியான ஈரத்தில் ரோலரால் அழுத்த வேண்டும். சரியான ஈரம் எது என்பதை ஆய்வகத்தில் கண்டறியும் சோதனையை அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் வெளியிட்டார். காய்ந்த மண் ரோலருக்கு மசியாது, மிக ஈரமான மண் ரோலரின் கீழ் ரப்பர் போல நெளியும். அந்தச் சோதனை காட்டும் உச்ச அடர்த்தியில் குறைந்தது 95 விழுக்காடாவது களத்தில் கிடைக்க வேண்டும். அதை அடுக்குக்கு அடுக்கு அளந்து, எந்த மனையின் கீழ், எந்த ஆழத்தில் அளந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். லாரிகள் கொட்டிவிட்டுப் போன மண்ணை மேலாக ஒருமுறை உருட்டிவிட்டால் மேலே முப்பது சென்டிமீட்டர் கெட்டியாக இருக்கும், அடியில் அது வெறும் குவியல்.

இன்னொன்று, பலர் கவனிக்கத் தவறுவது. வெட்டிய நிலமும் நிரப்பிய நிலமும் சந்திக்கும் கோடு எந்த வீட்டின் அடியிலும் போகக் கூடாது. பாதி வீடு பழைய கெட்டியான மண்ணிலும் பாதி வீடு புது மண்ணிலும் நின்றால், எவ்வளவு நன்றாக நிரப்பியிருந்தாலும் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. அந்தக் கோட்டை வரைபடத்தில் சிவப்பு மையால் வரையுங்கள். அது சாலையின் கீழோ, தோட்டத்தின் கீழோ, இரண்டு மனைகளின் எல்லையிலோ வரும்படி மனைகளை நகர்த்துங்கள். காகிதத்தில் இது ஒரு பிற்பகல் வேலை.

தண்ணீருக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் பன்னிரண்டு ஹெக்டேரில் ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆறாயிரம் கன மீட்டர் நீர். புல்லும் புதரும் மூடிய நிலமாக இருந்தவரை அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். கூரையும் சாலையும் சிமென்ட் முற்றமும் வந்த பிறகு பாதிக்கு மேல் ஓடத் தொடங்கும், அதுவும் முன்னைவிட வேகமாக வந்து சேரும். இது உங்கள் நிலத்தில் விழும் நீர் மட்டும்தான். அந்தப் பள்ளமோ உங்கள் நிலத்தில் பிறந்ததல்ல. மேலே எங்கோ பெய்த மழையை அது கொண்டுவருகிறது. பள்ளத்தை மூடினால் நீருக்கு அது தெரியாது; பழைய வழியைத் தேடி வந்து, புது மண்ணின் மேலோ உள்ளேயோ போகும். பெரிய குழாய் பதித்து மேலே மூடிவிடலாம் என்று சொல்வார்கள். குழாய் என்றாவது ஒரு நாள் கிளைகளாலும் குப்பையாலும் அடைக்கும், அந்த நாள் பெருமழை நாளாகத்தான் இருக்கும். பள்ளத்தை அப்படியே விடுங்கள். இருகரையிலும் பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்குப் பசுமையாக விட்டுவிட்டால் அதுவே பூங்காவும் நடைபாதையும் வெள்ள வழியுமாகும்.

கிழக்கே தாழ்வில் ஒரு நீர்த்தாங்கல் குளம் வேண்டும். ஓடிவரும் நீரைப் பிடித்துவைத்து, முன்பு எந்த வேகத்தில் நிலத்தை விட்டு வெளியேறியதோ அதற்கு மேல் போகாதபடி சிறிது சிறிதாக விடுவதற்கு. மண்ணுக்குள் நீரை இறக்கும் அமைப்புகளை மேற்கே சரளையோ மணலோ இருக்கும் பகுதியில் வையுங்கள்; களிமண்ணில் வெட்டிய உறிஞ்சு குழி தேங்கிய தொட்டியாகிவிடும். எந்த இடம் உறிஞ்சும் என்பதை ஊகிக்க வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் அகலக் குழி வெட்டி, முதல் நாள் முழுக்க நீர் விட்டு மண்ணை ஊறவைத்து, மறுநாள் நீர் இரண்டரை சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். காய்ந்த மண்ணில் நேரடியாகச் செய்த சோதனை பொய் சொல்லும். நல்ல உறிஞ்சும் இடம் என்று தெரிந்ததும் அதைச் சுற்றி வேலி போடுங்கள். லாரிகளும் ரோலர்களும் சில வாரம் அதன் மேல் போய்வந்தால் மணல் நிலமும் இறுகிப் பயனற்றுப் போகும்.

குழாய் பதிக்கும் காடிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். களிமண் நிலத்தில் காடி வெட்டி, குழாயைச் சுற்றி மணல் நிரப்பினால் அந்தக் காடியே நிலத்தடிக் கால்வாயாகிவிடும். மேட்டில் புகுந்த நீர் மணல் வழியாக ஓடிவந்து கீழ்வீட்டின் அஸ்திவாரத்தடியில் நிற்கும். இடைவெளி விட்டுக் களிமண்ணால் அடைப்பு வைத்தால் தீரும் விஷயம், ஆனால் காடி திறந்திருக்கும்போதுதான் வைக்க முடியும்.

மேற்குச் சரிவுக்கு இரண்டு விதிகள். உச்சியில் பாரம் ஏற்றாதீர்கள், அடியை வெட்டாதீர்கள். நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978 ஏப்ரலில் ஒரு பண்ணையில் களஞ்சியத்தை விரிவாக்கத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அடியிலிருந்தது குலுங்கினால் திரவமாகிவிடும் உணர்திறன் மிக்க களிமண். கரையில் தொடங்கிய சரிவு பின்னோக்கிப் பரவி 33 ஹெக்டேர் நிலத்தை ஏரிக்குள் இழுத்துச் சென்றது. அதே நாட்டில் 2020 டிசம்பர் 30 அன்று ஆஸ்க் என்ற ஊரின் குடியிருப்புப் பகுதி இரவில் சரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். சரிவின் அடியில் ஓடிய ஓடை கரையை அரித்ததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அந்த வகைக் களிமண் எல்லா நாட்டிலும் கிடையாது, உண்மைதான். ஆனால் தோண்டிய மண்ணை எங்கே குவிக்கிறோம், ஓடை எந்தக் கரையை அரிக்கிறது என்ற கேள்விகள் எல்லா நிலத்துக்கும் உண்டு. வேலைக்காரர்கள் வசதியான இடத்தில் கொட்டிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதியென்றால் தளர்ந்த, நீர் நிறைந்த மணலைத் தேட வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களில் அத்தகைய மணல் கூழாகி வீடுகளை அமிழ்த்தியது. பிறகு ஏறக்குறைய எட்டாயிரம் வீட்டு மனைகளைக் குடியிருக்கத் தகாதவை என்று ஒதுக்கி, வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. அவற்றில் பல, ஆற்றோரத்தில் பார்க்க மிக அழகாக இருந்த சமநிலங்கள்.

இனி உங்கள் எண்ணிக்கை. பன்னிரண்டு ஹெக்டேருக்கு நான் முதல் கட்டத்தில் பதினைந்து முதல் இருபது சோதனைக் குழிகளும், எட்டு முதல் பத்து ஆழ்துளைகளும் போடுவேன். அவற்றைச் சதுரங்கக் கட்டம்போல் சம தூரத்தில் போடுவது வீண். மேட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தைக் கடந்து கிழக்கு எல்லை வரை மூன்று கோடுகள் இழுத்து, நிலத்தின் சாய்வோ நிறமோ செடியோ மாறும் இடங்களில் போடுங்கள். மேட்டில் மூன்று துளை ஒரே மாதிரி வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். பள்ளத்தில் மூன்றும் மூன்று விதமாக வந்தால் இன்னும் ஆறு வேண்டும். துளை இளகிய மண்ணை முழுவதும் கடந்து கெட்டி மண்ணில் சில மீட்டராவது இறங்க வேண்டும். பத்து மீட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காகச் சேற்றின் நடுவில் நிறுத்திய துளையால் பயனில்லை.

துளைக்குள் ஒரு கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் சோதனையை அருகில் நின்று பாருங்கள். 63.5 கிலோ சம்மட்டி 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும். முதல் 150 மில்லிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே சோதனை தரும் எண். களிமண்ணில் அது நான்குக்குக் கீழே இருந்தால் இளகல். மணலில் பத்துக்குக் கீழே இருந்தால் தளர்வு. அறிக்கையில் எண்ணைப் பார்ப்பதும், சம்மட்டி ஒரே அடியில் கம்பியை முழுசாக உள்ளே தள்ளுவதைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. அதைப் பார்த்த எந்த உரிமையாளரும் அந்த இடத்தில் மனை போட என்னிடம் வாதாடியதில்லை.

சாலை போகும் வழியில் தனியாக மாதிரி எடுத்து கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம் பாருங்கள்; சாலையின் அடிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எண் அது. அது இரண்டு, மூன்று என்று வரும் களிமண்ணின் மேல் போடும் சாலைக்கும், பத்துக்கு மேல் வரும் சரளையின் மேல் போடும் சாலைக்கும் கல் அடுக்கின் தடிமனில் பெரிய வேறுபாடு உண்டு. கூடவே மண்ணிலும் நீரிலும் சல்பேட் அளவையும் சோதியுங்கள். அது மிகுந்தால் சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை அரிக்கும்.

இவையெல்லாம் கைக்கு வந்த பிறகு வரைபடத்தைப் புதிதாக வரையுங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய இப்படி வரும்: பள்ளம் பசும்பட்டையாக நிற்கும். கிழக்குத் தாழ்வில் குளமும் விளையாட்டு மைதானமும் இருக்கும். சாலைகள் சம உயரக் கோடுகளை ஒட்டி, நீர் வடியும் அளவுக்கு மெல்லிய சாய்வுடன் வளைந்து போகும். நேர்ச் சாலைகளுக்காக மேட்டை வெட்டுவதால்தான் உங்களுக்கு இவ்வளவு மண் மிஞ்சி, அதைக் கொட்டப் பள்ளம் தேவைப்படுகிறது. சாலை வளைந்தால் வெட்டும் மண் குறையும், நிரப்பும் தேவையும் குறையும். வீடுகள் மேற்கிலும் நடுச்சரிவிலும் நல்ல மண்ணில் நெருங்கி நிற்கும். மனைகள் குறைந்துவிடுமே என்று கவலைப்படுவீர்கள். மனை ஒன்றின் அளவைச் சற்றுக் குறைத்துப் பொதுவெளியைக் கூட்டினால் இருநூறுக்கு மிக அருகிலேயே நிற்கலாம். பள்ளத்தின் மேல் நின்றிருக்க வேண்டிய முப்பது வீடுகள் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கும்.

ஒவ்வொரு மனைக்கும் ஒரு தாள் தயாரியுங்கள். மண் வகை, குழைவு எண், நீர்மட்டம், நிரப்பு மண் உண்டா, எவ்வளவு ஆழம், எவ்வளவு அடர்த்தி, அங்கே நின்ற மரம் எது. வாங்குபவர் கையில் பத்திரத்தோடு அந்தத் தாளும் போகட்டும். பத்தாண்டு கழித்து அவர் ஒரு மாடி ஏற்ற நினைக்கும்போது, அவருடைய பொறியாளருக்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இருக்காது.

ஆறு வாரத்துக்கு வருகிறேன். அதில் ஒரு லாரி மண்கூட நகர்த்த வேண்டாம். அரைகுறையாக வெட்டித் திறந்த சரிவின் மேல் முதல் மழை விழுந்தால் மேல்மண் முழுவதும் பள்ளத்துக்குள் போய்விடும். அதற்குப் பதில் அளவைப் பணியையும் மரக்கணக்கையும் இரண்டு வாரத்தில் முடியுங்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில் குழிகளையும் துளைகளையும் போடுங்கள். துளைகளை மூடுவதற்கு முன் ஐந்தாறில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் சரளை போட்டு, மேல்நீர் உள்ளே போகாதபடி வாயருகே களிமண்ணால் அடைத்து, மூடி போட்டுப் பூட்டி வையுங்கள். மழை தொடங்கியதும் வாரம் ஒருமுறை அளவு நாடாவை உள்ளே விட்டு நீர் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் பெருமழையன்று குடை பிடித்துக்கொண்டு பள்ளத்தின் கரையில் போய் நின்று, நீர் எந்த உயரம் வரை வருகிறது என்று பார்த்து அங்கே ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டு வாருங்கள்.